1999 தையில் ரொறன்ரோ ஏன் பனிக்குள் புதைந்தது?

கனடாவில் ஒரு சொந்தமும் இல்லாத குடும்பத்தை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடிப்பது கடினம். அதனால் அந்த நாட்டுக் காலநிலை இங்கே வெளிநாட்டுச் செய்தியாக இருப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் போன் வந்தால், சாப்பாட்டு விசாரிப்பு முடிந்த கையோடு "அங்கை ஸ்நோவோ?" என்ற கேள்வி வந்துவிடும். நாற்பது வருடமாகத் தொடரும் இந்தப் பேச்சில் எத்தனையோ பனிக்காலங்கள் வந்து மறைந்துவிட்டன. ஆனால் ஒன்று மட்டும் பெயரோடு நிற்கிறது. "ஆமி வந்து பனி அள்ளின வருஷம்" என்றால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கும் தெரியும், சுன்னாகத்தில் இருக்கும் அவர்களுடைய அம்மாமாருக்கும் தெரியும். 1999 ஜனவரியைத்தான் சொல்கிறார்கள்.

அந்த நினைவில் ஒரு குறை இருக்கிறது என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. படையினர் மண்வெட்டியோடு நிற்கும் படம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. பனியோடு பிறந்து வளர்ந்த ஒரு நகரம் ஏன் அந்த நிலைக்கு வந்தது என்ற கேள்வி மட்டும் அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துபோனது. "சரியான பெரிய பனி" என்று பதில் சொன்னால் அது பாதிதான் உண்மை. அதைவிடப் பெரிய ஒற்றைப் புயலை ரொறன்ரோ முன்பே கண்டிருக்கிறது. 1944 டிசம்பர் 11 அன்று ஒரே நாளில் 48 சென்ரிமீற்றர் விழுந்தது. நகரின் ஒருநாள் பொழிவுகளில் அதுதான் பெயர்பெற்றது. 1999 இல் எந்த ஒரு நாளும் அந்த அளவை எட்டவில்லை. அந்த ஜனவரி நகரத்தை வீழ்த்தியது, ஒரு பொழிவுக்கும் அடுத்த பொழிவுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இல்லாமல் போனதுதான்.

நடந்ததைத் திகதிவாரியாகப் பார்க்கலாம். புத்தாண்டு பிறந்த மறுநாள், ஜனவரி 2 ஆம் திகதி, முதல் புயல் வந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியை உலுக்கிவிட்டு வந்த புயல் அது. சிக்காகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் மட்டும் 21.6 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 55 சென்ரிமீற்றர், கொட்டியிருந்தது. ரொறன்ரோவிலும் ஓர் அடிக்கு மேல் விழுந்தது. வேறொரு வருடமாக இருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும். மூன்று நான்கு நாளில் வீதிகளைத் திறந்திருப்பார்கள், ஒரு கிழமையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். ஆனால் அடுத்த நாட்களிலும் விட்டுவிட்டுப் பனி தூவியது. குளிர் குறையாததால் விழுந்தது எதுவும் உருகவில்லை. 12 ஆம் திகதி தொடங்கி மறுபடியும் பெரிய பொழிவு. மாதத்தின் நடுப்பகுதிக்குள் நகரின் மையத்தில் சேர்ந்த மொத்தம் ஏறக்குறைய 118 சென்ரிமீற்றர். அங்கே ஒரு வருடம் முழுவதற்கும் சராசரியாக விழுவது 120 சென்ரிமீற்றர் அளவில்தான். ஒரு வருடத்துப் பனியை இரண்டு கிழமைக்குள் வாங்கிக்கொண்டது நகரம்.

இப்படிப்பட்ட புயல்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரொக்கி மலைத்தொடரைக் கடந்து கீழிறங்கும் காற்று, அதன் கிழக்குச் சரிவில், கொலராடோ மாநிலத்தின் பக்கமாகத் தாழமுக்கங்களை உருவாக்கும். கொலராடோ தாழமுக்கம் என்றே அவற்றுக்குப் பெயர். அவை வடகிழக்காக நகரும்போது மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தைத் தெற்கிலிருந்து இழுத்துக்கொள்ளும், வடக்கிலிருந்து ஆர்க்டிக் குளிரையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டும் கனடா, அமெரிக்க எல்லையில் கிடக்கும் பேரேரிகளுக்கு மேலே மோதும்போது பனி கொட்டும். நமது வங்காள விரிகுடாத் தாழமுக்கம் கடல் வெப்பத்தில் உயிர் வாழ்கிறது. அவர்களுடையது சூடும் குளிரும் மோதுவதில் உயிர் வாழ்கிறது. அதனால்தான் அது தரைக்கு மேலே நகர்ந்தும் சாவதில்லை.

இதில் ஏரிக்கும் பங்கு உண்டு. ஒன்ராறியோ ஏரி சராசரியாக 86 மீற்றர் ஆழம் கொண்டது. அவ்வளவு தண்ணீர் சுலபமாக உறையாது, ஜனவரியிலும் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். வழக்கமாகக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் ஏரியின் ஈரம் எதிர்க் கரைக்கு, அமெரிக்கப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேரும். வடமேற்குக் கரையில் இருக்கும் ரொறன்ரோ தப்பிக்கொள்ளும். ஆனால் தாழமுக்கம் நகரத்துக்குத் தெற்கே நகரும்போது காற்று திரும்பிவிடுகிறது. கிழக்கிலிருந்து ஏரியைத் தடவிக்கொண்டு வந்து, ஏற்கெனவே கொட்டும் பனிக்கு மேல் இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்துவிடுகிறது.

சரி, 118 சென்ரிமீற்றர் பனி என்றால் எவ்வளவு தண்ணீர்? பொதுக் கணக்கில் பத்து சென்ரிமீற்றர் பனி உருகினால் பத்து மில்லிமீற்றர் மழைக்குச் சமம். குளிர் எவ்வளவு என்பதைப் பொறுத்து இது கூடிக் குறையும் என்றாலும், கணக்குப் போட இது போதும். அப்படியானால் அந்த இரண்டு கிழமைப் பனியும் சேர்ந்து 118 மில்லிமீற்றர் மழை. 2008 நவம்பர் 25 ஆம் திகதி, நிஷா புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் பதிவான மழை 389.8 மில்லிமீற்றர். ரொறன்ரோவை முடக்கிய மொத்தப் பனியிலும் இருந்த தண்ணீர், நமக்கு அந்த ஒரு நாளில் விழுந்ததில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 118 மில்லிமீற்றர் மழையை நாங்கள் ஐப்பசியில் ஓரிரு நாளில் வாங்கிக்கொண்டு, வாய்க்கால் வழிந்தால் நாலு பேரைத் திட்டிவிட்டு, மறுநாள் சந்தைக்குப் போய்விடுவோம்.

ஆனால் மழைக்குப் போக வழி உண்டு. செம்மண் நிலம் விறுவிறென்று குடித்துவிடும். கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல் வாங்கிக் கிணறுகளுக்குக் கொடுக்கும். மிச்சம் வெள்ளவாய்க்கால் வழியாக, வழுக்கையாற்று வழியாகக் கடலைத் தேடும். பனிக்கு இதில் ஒன்றும் இல்லை. விழுந்த இடத்திலேயே கிடக்கும். யாராவது தள்ள வேண்டும், அல்லது உருகும்வரை காத்திருக்க வேண்டும். சுழியத்துக்குக் கீழே நிற்கும் ஜனவரியில் காத்திருப்பது என்றால் வாரக்கணக்கு. இதனால்தான் ஒரு பனிப்புயலின் பாதிப்பை அளப்பதற்கு விழுந்த உயரம் மட்டும் போதாது. அது விழுந்தபோது முன்னையது எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும்.

தள்ளுவது வேறு, அகற்றுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் 1999 புரியாது. சாதாரணப் பனிக்கு நகரம் செய்வது தள்ளுவதுதான். முன்னால் பெரிய தகடு பூட்டிய லொறிகள் வந்து வீதியின் நடுவை வழித்துக்கொண்டு போகும். வழித்த பனி இரு கரையிலும் வரம்பு கட்டிக்கொள்ளும். முதல் தடவை இது நல்ல வேலை. இரண்டாவது தடவையும் பரவாயில்லை. மூன்றாவது, நான்காவது பொழிவுக்கு அந்த வரம்புகள் ஆள் உயரத்துக்கு எழும்பிவிடும். தள்ளுவதற்கு இடம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் வீதி இரண்டு பக்கமும் ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு வாகனம் போகும் அளவுக்கு ஆகிவிடும். நடைபாதையும் பஸ் தரிப்பிடமும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயும் அந்த வரம்புக்குள் புதைந்துவிடும். பழைய ரொறன்ரோவின் ஒடுங்கிய தெருக்களில் வீட்டுக்காரர்கள் காரை வீதியோரத்தில்தான் விடுகிறார்கள். பனிக்குள் புதைந்த கார் அசையாது, அது அசையாமல் தகடு பூட்டிய லொறி உள்ளே வராது.

அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது அகற்றுவது. இயந்திரத்தால் அள்ளி, லொறியில் ஏற்றி, நகருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதற்கு வேறு இயந்திரம், வேறு ஆட்கள், பல மடங்கு பணம். நகரங்கள் இதற்குக் கொஞ்சம்தான் ஒதுக்கி வைக்கும், ஏனென்றால் பெரும்பாலான வருடங்களில் இரண்டு பொழிவுகளுக்கு நடுவில் ஒரு சூடு வந்து வேலையைச் சுலபமாக்கிவிடும். 1999 இல் அந்தச் சூடு வரவில்லை. வருடம் முழுவதற்கும் என்று ஒதுக்கிய பனிப் பணத்தை மாதம் முடியும் முன்பே செலவு விழுங்கிவிட்டது.

நகரமும் அப்போதுதான் புதிதாகப் பிறந்திருந்தது. 1998 ஜனவரி 1 ஆம் திகதிவரை ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க், ரொறன்ரோ என்று ஆறு நகரசபைகள் தனித்தனியே இயங்கின. ஒன்ராறியோ மாகாண அரசு அவற்றை இணைத்து ஒன்றாக்கியது. அப்படி இணைந்த நகரத்தின் முதல் மேயர் மெல் லாஸ்ற்மன். அதற்கு முன் கால் நூற்றாண்டு நோர்த் யோர்க்கின் மேயராக இருந்தவர். இணைந்து ஒரு வருடம் கழியும்போது இந்தப் பனி வந்தது.

ஜனவரி 13 ஆம் திகதி லாஸ்ற்மன் இராணுவ உதவியைக் கேட்டார். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஆர்ட் எகிள்ரனும் முன்னாள் ரொறன்ரோ மேயர்தான், அவருக்கு நகரத்தின் நிலையை விளக்கத் தேவை இருக்கவில்லை. 400 க்கும் மேற்பட்ட படையினர் வந்தார்கள், கவச வாகனங்களும் வந்தன. தொலைதூர இளவரசர் எட்வேட் தீவு மாகாணத்திலிருந்துகூடப் பனி அகற்றும் இயந்திரங்கள் வந்தன. மற்றக் கனடா முழுவதும் சிரித்தது. பனியைக் கண்டு பயந்த நகரம் என்று இன்றுவரை ரொறன்ரோவைக் கேலி செய்கிறார்கள்.

இந்தக் கேலி எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. படையினர் வீட்டு முற்றம் கூட்ட வரவில்லை. அம்புலன்ஸ் போக முடியாத தெருவுக்குள் போகவும், தீயணைப்புக் குழாய்களையும் பஸ் தரிப்பிடங்களையும் தோண்டி எடுக்கவும்தான் வந்தார்கள். அப்போது இருபத்துநான்கு லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் ஒரு நெஞ்சுவலிக்காரரை மூன்று மணிநேரம் காக்க வைக்க முடியுமா? ஒரு வருடத்துக்கு முன்புதான், 1998 ஜனவரியில், கிழக்குக் கனடாவின் உறைமழைக்கு 15,000 க்கும் மேற்பட்ட படையினர் இறங்கியிருந்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த 1998 நிகழ்வை இங்கே பலர் 1999 உடன் கலந்து பேசுகிறார்கள். மொன்றியலில் இருந்த மாமா சொன்னதும் ஸ்காபரோவில் இருந்த சித்தி சொன்னதும் ஒரே கதையாகிவிட்டன. இரண்டும் வேறு வேறு. உறைமழை என்பது பனியே அல்ல. உயரத்தில் சூடான காற்றுப் படை ஒன்றும், நிலத்தை ஒட்டி மெல்லிய குளிர்ப் படை ஒன்றும் இருக்கும்போது, மேலே உருகிய துளி மழையாகவே கீழே வரும். குளிர்ப் படையைக் கடக்கும்போது சுழியத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் உறைய நேரம் கிடைக்காது. எதையாவது தொட்ட கணமே கட்டியாகும். கிளை, கம்பி, கார்க் கண்ணாடி எல்லாவற்றிலும் பளிங்குபோல ஏறிக்கொண்டே போகும். மொன்றியல் பகுதியில் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் இப்படி விழுந்தது. பாரம் தாங்காமல் ஆயிரக்கணக்கில் மின்கோபுரங்களும் கம்பங்களும் சரிந்தன. கியூபெக்கில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது, சில ஊர்களில் வாரக்கணக்கில். 1999 இல் ரொறன்ரோவில் பிரச்சினை வீதியில் இருந்தது, வீட்டுக்குள் சூடு இருந்தது. 1998 இல் சூடே போய்விட்டது. உயிராபத்தின் கணக்கில் அதுதான் கொடியது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தச் செய்திகள் எப்படி வந்தன என்பதையும் எழுதி வைக்க வேண்டும், அந்த வழி இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1999 தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடிக்கிடந்தது. வெளியே போவதென்றால் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல். வீடுகளில் தொலைபேசி அபூர்வம். கொமியூனிக்கேசன் கடையில் போய் நம்பர் கொடுத்து, இன்ன நாள், இன்ன நேரம் என்று ஒழுங்கு செய்து, வாங்கில் வரிசையாக இருந்து காத்திருப்போம். என் அண்ணா அப்போது ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். பொங்கலை ஒட்டி வந்த அழைப்பில் அவர் உயரத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ சொல்லவில்லை. "அள்ளி முடிய முடியத் திரும்பவும் கொட்டுதடா" என்றுதான் சொன்னார். மேலே நான் இவ்வளவு நீட்டி எழுதியதன் சாரம் அதுதான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை, களைப்பில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஆமி வந்து நிக்குது" என்று அவர் சொன்னபோது இந்தப் பக்கத்தில் ஏற்பட்ட அதிர்ச்சியையும் சொல்ல வேண்டும். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் சோதனைச் சாவடிக்கும் ஊரடங்குக்கும் நடுவில் வாழ்ந்த காலம். கவச வாகனம் தெருவுக்குள் வந்தால் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவதுதான் எங்கள் பழக்கம். அதே பழக்கத்தோடு போய் அங்கே குடியேறியவர்கள், படையினர் மண்வெட்டியால் பஸ் தரிப்பிடத்தைத் தோண்டிக் கொடுப்பதைப் பார்த்தார்கள். அந்த வருடம் அங்கிருந்த நம்மவர்கள் பலரும் இன்றைக்கும் முதலில் சொல்வது இதைத்தான். மற்றக் கனடியர்களுக்குக் கேலியாகத் தெரிந்த அதே காட்சி எங்கள் ஆட்களுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்த இரண்டு கிழமையின் பாரத்தை அதிகமாகச் சுமந்தவர்களும் அவர்கள்தான். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருக்கலாம். மணித்தியாலச் சம்பளக்காரர் போகாவிட்டால் அந்த நாளின் காசு இல்லை. அதிகாலை மூன்று மணிக்குப் பத்திரிகை போடுபவர்கள், உணவகச் சமையலறையில் நிற்பவர்கள், காவல் வேலைக்காரர்கள், தொழிற்சாலை இரவு வேலைக்காரர்கள் என்று எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் போன நம்மவர்களில் பெரும்பகுதி இந்த வேலைகளில்தான் இருந்தது. அவர்கள் நம்பியிருந்தது பஸ்ஸையும் நிலக்கீழ் ரயிலையும். நிலக்கீழ் ரயில் என்ற பெயர் இருந்தாலும் அது எல்லா இடத்திலும் நிலத்துக்குக் கீழே ஓடுவதில்லை. ஸ்காபரோப் பக்கத்தில், விக்ரோரியா பார்க், கெனடி நிலையங்களுக்கு நடுவில் பெரும்பகுதி மேலேதான் ஓடுகிறது. வண்டிக்கு மின்சாரம் கொடுப்பது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நீளும் மூன்றாவது தண்டவாளம். அதில் பனி படிந்து இறுகினால் மின்சாரம் ஒழுங்காக ஏறாது. கெனடிக்கு அப்பால் ஓடிய ஸ்காபரோவின் சிறிய ரயில் பாதையும் திறந்த வெளியில்தான் இருந்தது. பனிக்காலம் முழுவதும் அது படுத்த பாடு அங்கே பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். 2023 இல் அதை மூடியே விட்டார்கள். ஆகவே நகர மையத்தில் நிலத்துக்கடியில் பயணம் செய்பவர் வேலைக்குப் போய்விடுவார், விளிம்பில் இருப்பவர் கெனடியில் மாட்டிக்கொள்வார்.

பனியின் அளவு மட்டும் கதை சொல்லாது என்பதற்கு இன்னொரு சான்று ஏரிக்கு அந்தப் பக்கத்தில், பபலோ நகரத்தில் இருக்கிறது. 1977 ஜனவரி 28 ஆம் திகதி தொடங்கிய புயலில் அங்கே புதிதாக விழுந்தது ஓர் அடி அளவுதான். ஆனால் அந்த நகரத்தை ஒட்டிய ஈரி ஏரி ஆழம் குறைந்தது, சராசரி 19 மீற்றர். அந்த வருடம் அது முன்னதாகவே உறைந்து, அதன் மேல் வாரக்கணக்கில் பனி குவிந்து கிடந்தது. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் வீசிய காற்று அந்த ஏரிப் பனியை அப்படியே வாரிக்கொண்டுவந்து நகரத்தின் மேல் கொட்டியது. வீடுகளின் கூரை மட்டத்துக்குக் குவியல்கள் எழும்பின. 29 பேர் இறந்தார்கள். அந்தப் பனியில் பெரும்பகுதி அன்றைக்கு வானத்திலிருந்து விழுந்ததே அல்ல.

நமது பக்கத்தில் நிஷா புயலும் இதே பாடத்தைத்தான் வைத்துவிட்டுப் போனது. 389.8 மில்லிமீற்றர் என்பது யாழ்ப்பாணத்தின் வருட மழையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அது சித்திரையில் விழுந்திருந்தால் செம்மண்ணும் கிணறுகளும் பெரும்பகுதியை வாங்கியிருக்கும். கார்த்திகை முடிவில் விழுந்தது. ஐப்பசி மழையில் நிலம் நிரம்பி, குளங்கள் தளும்பி, கடல்நீரேரி மட்டமும் உயர்ந்திருந்த நேரம். தொண்டமானாற்றுக் கதவுகளைத் திறந்தாலும் வெளியே கடல் உயர்ந்து நின்றால் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகும்? இங்கே அரச அலுவலகங்களில் பேரிடர்த் திட்டம் என்று பேசும்போது "எத்தனை மில்லிமீற்றர் வந்தால்" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனையாவது மழை என்றும் கேட்க வேண்டும். முதல் மழைக்கும் ஐந்தாவது மழைக்கும் ஒரே அளவுகோல் வைப்பது எங்களையும் ரொறன்ரோவின் நிலைக்குக் கொண்டுபோகும்.

ரொறன்ரோ தானும் இதை முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2025 பெப்ரவரியில், 8 ஆம் திகதிக்கும் 16 ஆம் திகதிக்கும் இடையில், அடுத்தடுத்து மூன்று பொழிவுகள் வந்தன. மொத்தம் 50 சென்ரிமீற்றருக்கு மேல். 1999 இன் பாதிகூட இல்லை. அப்படியும் வரம்புகள் எழும்பின, நடைபாதைகள் மறைந்தன, சக்கர நாற்காலிக்காரரும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் வீதி நடுவில் இறங்கி நடந்தார்கள். நகரத்தின் இயந்திரங்கள் முன்னையதைவிட நவீனமானவை, வானிலை அறிவிப்பு எத்தனையோ மடங்கு துல்லியமானது. இருந்தும் முதல் பொழிவை அள்ளி முடிக்கும் முன் இரண்டாவது வந்தால் என்ன செய்வது என்ற பழைய இடத்தில்தான் மறுபடி தடுக்கி விழுந்தார்கள்.

இப்போது இங்கிருந்து போகிறவர்கள் 1999 இல் போனவர்களைப் போல இருபது வயது இளைஞர்கள் மட்டும் இல்லை. 2011 முடிவில் சுப்பர் விசா வந்த பிறகு, அறுபது, எழுபது வயதுப் பெற்றோர் பிள்ளைகளிடம் போய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்குகிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, தோட்டத்தில் மண் வெட்டிப் பழகிய அப்பா சும்மா இருக்க மனமில்லாமல் பனி அள்ளும் சவலைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்குவார். இதுதான் என் உண்மையான கவலை. மூன்று மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் கொண்ட கார்ப் பாதையில் 30 சென்ரிமீற்றர் பனி கிடந்தால் அது ஒன்பது கன மீற்றர். புதிய பனி என்றாலும் கிட்டத்தட்ட 900 கிலோ. அதைவிட, வாசலில் நகரத்து லொறி தள்ளிவிட்டுப் போன இறுகிய வரம்பு இன்னும் பாரமானது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். கையால் தூக்கி எறியும் வேலையும் மூச்சைப் பிடித்துக்கொள்வதும் அதை இன்னும் ஏற்றும். 1944 புயலில் ரொறன்ரோவில் இறந்த 21 பேரில் 13 பேர் இப்படி அளவுக்கு மீறி உடம்பை வருத்தியதால் இறந்தவர்கள். சலரோகமோ பிரஷரோ இருக்கும் ஒருவர் சவலைத் தொடவே கூடாது. மற்றவர்களும் ஒரே மூச்சில் அள்ளாமல், விழ விழக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் போதும். தூக்குவதைவிடத் தள்ளுவது நல்லது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவர் வழியாக, நிலத்திலிருந்து சிறிது உயரத்தில் வெளியே வருகிறது. அடுக்கடுக்காகப் பொழியும்போது குவியல் அதை மூடிவிடும். காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே திரும்பலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலையிடியும் நித்திரையும்தான் வரும். பனிக்குள் புதைந்த காரை ஸ்ராட் செய்து சூடேறட்டும் என்று உள்ளே இருப்பதும் இதே கதைதான், முதலில் புகைபோக்கியைச் சுற்றித் தோண்ட வேண்டும். மின்சாரம் போனால் கரி அடுப்பை ஒருபோதும் வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. இங்கே காற்றோட்டமான குசினியில் விறகு எரித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் தோன்றாது. இரண்டாவது பொழிவு வருகிறது என்று செய்தி சொன்னால், வாசல் பனியை அள்ளத் தொடங்கும் முன் வீட்டைச் சுற்றிப் போய் அந்தக் குழாயின் வாய் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.